வக்கீல் பரீட்சை எழுதும் பிள்ளையும் வீட்டாரும்



சென்ற பொதுக்கூட்டம் முடிந்து, கீழ்த்தளத்தில் எல்லோரும் தேநீர் பருகிக்கொண்டிருந்த வேளையில், துணிக்கடை நண்பர் ஒருவர் நம்மைத் தூண் ஓரமாக அழைத்துப்போய், "பாய், உங்க மகள் அந்த வக்கீல் பரீட்சையை எத்தனை தடவை எழுதிச்சு?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். வம்புக்குக் கேட்கிறாரோ என்று முதலில் நமக்குச் சுருக்கென்றது. அப்படியன்று. அவருடைய மகன் இந்த ஆண்டு எழுத இருக்கிறான். மூன்று வாரமாகப் பையன் சரியாக உண்பதில்லை. இரவு இரண்டு மணிக்கும் அறையில் விளக்கு எரிகிறது. எதைக் கேட்டாலும் எரிந்து விழுகிறான். "இரண்டு தடவை" என்று நாம் சொன்னதும் நண்பர் பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சைக் கேட்ட பிறகுதான், இதைப் பற்றி நாம் முன்னமே எழுதியிருக்க வேண்டும் என்று தோன்றிற்று.

நாம் மதரஸாவும் ஆரம்பப் பள்ளியும் கண்டதோடு கடையில் உட்கார்ந்தவர்கள். சட்டம் படித்தவரல்லோம். மனநூல் படித்தவரும் அல்லோம். ஆனால் அந்தப் பரீட்சை நம் வீட்டில் இரண்டு ஆண்டுகள் குடியிருந்தது. முதலாண்டில் நாம் செய்த தவறுகளும், இரண்டாம் ஆண்டில் மகளிடமிருந்து நாம் கற்றுக்கொண்டவையும் இங்கே வருகின்றன. எழுதியதை மகள் படித்துப் பார்த்துச் சம்மதித்த பின்னரே பத்திரிகைக்குக் கொடுத்தோம்.

பரீட்சை இன்னதென்று முதலில் தெரிந்துகொள்வோம். தீபகற்ப மலேசியாவில் வழக்கறிஞர் ஆவதற்கு ஒரு சட்டப் பட்டம் மட்டும் போதாது. மலாயாப் பல்கலைக்கழகம் போன்ற உள்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் சட்டம் முடித்தவர்களுக்கும், இங்கிலாந்தில் பாரிஸ்டர் ஆனவர்களுக்கும் விலக்கு உண்டு. இங்கிருந்தபடியே லண்டன் பல்கலைக்கழகப் பட்டம் வாங்கும் நம் பிள்ளைகள் போன்றவர்கள் 'சி.எல்.பி.' என்ற பரீட்சையில் தேற வேண்டும். 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழிற் சட்டத்தின் கீழ் அமைந்த தகுதி வாரியம் இதை நடத்துகிறது. 1984 முதல் நடந்துவருகிறது. ஐந்து தாள்கள். ஒப்பந்தம், நிலம், தீங்கியல் இவை சேர்ந்த பொதுத்தாள் ஒன்று. சாட்சியச் சட்டம் ஒன்று. சிவில் நடைமுறை, குற்றவியல் நடைமுறை, தொழில் ஒழுக்கமும் நடைமுறையும் என்று மற்ற மூன்று. ஒரு தாளில் மட்டும் சறுக்கியவர்கள் அந்த ஒன்றையே மீண்டும் எழுதிக்கொள்ள ஏற்பாடு உண்டு. அதற்கு மேல் சறுக்கினால் மறுபடி ஆரம்பத்திலிருந்துதான். தேறிய பிறகும் ஒன்பது மாதம் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் பயிற்சி, அதாவது 'சேம்பரிங்' செய்ய வேண்டும். அதன் பின்னரே நீதிமன்றத்தில் வழக்கறிஞராக ஏற்றுக்கொள்வார்கள்.

சிங்கப்பூரில் முறை வேறு. அங்கே வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கு 'ஏ' பகுதி, எல்லோருக்கும் 'பி' பகுதி. பயிற்சிக் காலம் ஆறு மாதமாக இருந்தது, 2024 முதல் ஓராண்டாயிற்று. முறை எதுவாயினும் வீட்டில் நடப்பது ஒன்றுதான்.

முதலாண்டு நாம் செய்தவை

மகள் கோலாலம்பூரில் வகுப்புகளை முடித்துக்கொண்டு, கடைசி மூன்று மாதம் வீட்டிலிருந்து படிக்கப் பினாங்கு வந்தாள். நமது வீடு கடைக்கு மேலே. கீழே அரிசி மூட்டை இறங்கும் சத்தம், மேலே படிப்பு. ஆள் வராத நாட்களில், "ஒரு மணி நேரம் கல்லாவில் உட்காரும்மா" என்று கூப்பிடுவோம். ஒரு மணி நேரம் மூன்று மணி நேரமாகும். அவள் முகம் சுளித்ததில்லை. முகம் சுளித்திருந்தால் நமக்கு முன்னமே விளங்கியிருக்கும்.

இது ஒருபுறமிருக்க, கடைக்கு வருகிறவர்கள் எல்லோரிடமும் நாம் செய்தி சொல்லிவிட்டோம். அரிசி வாங்க வருகிறவர், சரக்கு கொண்டுவரும் லாரிக்காரர், வங்கிச் சிப்பந்தி ஒருவர்கூட பாக்கியில்லை. "மகள் வக்கீலாகப் போகிறாள்" என்று தொடங்கியது, நாளாக ஆக "மகள் வக்கீல்" என்றாகிவிட்டது. ஒரு கந்தூரியில் நம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தம் கடை வாடகைத் தகராறைக் கொண்டுவந்து அவளிடமே கேட்டுவிட்டார். அவள் பதில் சொல்லத் திணறியதை நாம் அடக்கம் என்று நினைத்துக்கொண்டோம்.

அவளுடைய அம்மா தன் பங்குக்கு, இரவு பதினொரு மணிக்குக் கெட்டியாகக் கோப்பி கலக்கி மாடிக்கு அனுப்புவாள். பிள்ளை கண்விழித்துப் படிக்கிறதே என்ற பாசம். நன்னியோ ஒவ்வொரு நேரமும் உண்ணும்போது, "பாஸாயிடுவியாம்மா?" என்பார். எல்லாம் அன்புதான். அன்பென்றாலும் அத்தனையும் ஒரே தலையில் ஏறியது.

பரீட்சை முடிந்தது. முடிவு வரும் காலம் தாண்டியும் மகள் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டால், "இன்னும் வரலை அத்தா" என்றாள். பன்னிரண்டு நாள் கழித்து, வாடிக்கையாளர் ஒருவர் தம் தங்கை மகன் தேறிய செய்தியை நம்மிடம் சொல்லி, "உங்க பிள்ளை?" என்றார். நாம் மாடிக்கு ஏறிப்போனோம். ஏறும்போது கோபம் இருந்தது, மறைப்பதற்கில்லை. கதவைத் திறந்தால், அவள் கட்டிலில் உட்கார்ந்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு தாள்களில் தவறியிருந்தாள்: சாட்சியச் சட்டம், சிவில் நடைமுறை. "ஏம்மா சொல்லலே?" என்றோம்.

"நீங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டீங்களே அத்தா. நான் எப்படிச் சொல்றது?"

இந்த ஒரு வாக்கியத்துக்கு நம்மிடம் பதில் இல்லை. பரீட்சையில் தவறிய துயரத்தோடு, நாம் ஊரெல்லாம் வாங்கி வைத்த பெயரையும் சேர்த்து அந்தப் பிள்ளை பன்னிரண்டு நாள் தனியே சுமந்திருக்கிறாள். வியாபாரியின் மொழியில் சொன்னால், சரக்கு கையில் வருமுன்னே நாம் முன்பணம் வாங்கிவிட்டோம். கடனைத் தீர்க்க வேண்டியவளாக அவளை நிறுத்திவிட்டோம்.

கணக்குப் பார்த்தோம்

ஆண்டு முடிவில் ஐந்தொகை போடும்போது நட்டம் எங்கே என்று பார்க்கிறோமே, அதுபோல ஒரு வாரம் கழித்து மகளோடு உட்கார்ந்தோம். எத்தனை மணி நேரம் படித்தாய் என்றோம். நாளொன்றுக்குப் பதினாலு மணி நேரம் என்றாள். நமக்குத் திகைப்பாயிருந்தது. பதினாலு மணி நேரம் கடை திறந்து வைத்தும் விற்பனை இல்லையென்றால், திறந்திருந்த நேரத்தில் என்ன நடந்தது என்றல்லவா பார்க்க வேண்டும்? பார்த்தால், அவள் செய்ததெல்லாம் வாசிப்பு. குறிப்பேட்டை வாசிப்பது, மஞ்சள் கோடு போடுவது, மறுபடி வாசிப்பது. வாசிக்கும்போது எல்லாம் தெரிந்தது போலிருக்கும். கேள்வித்தாள் முன்னால் வந்தால் வழக்கின் பெயர் வராது. பிரிவின் எண் வராது.

அப்போது நமக்கு நம் ஹஜரத்தின் ஞாபகம் வந்தது. மனனம் செய்யும் பிள்ளைகளுக்கு மதரஸாவில் பாடம் மூன்று வகை என்பதை நம் வாசகர்களில் பலர் அறிவார்கள். இன்றைய புதுப் பாடம். சில நாட்களுக்குள் ஓதிய அண்மைப் பாடம். எப்போதோ முடித்த பழைய பாடம். புதுப் பாடத்தை மட்டும் ஒப்பித்துவிட்டு எழுந்துவிட முடியாது. பழையதையும் கிதாபை மூடிவைத்து ஓதிக்காட்ட வேண்டும். பார்த்து ஓதுவது ஒன்று, பாராமல் ஓதுவது வேறு. பத்து வயதில் இது நமக்குத் தொல்லையாகப் பட்டது.

இதைச் சொன்னபோது மகள் சிரித்தாள். அப்புறம் தன் கைபேசியில் தேடி நமக்கு வாசித்துக் காட்டினாள். 1885-இல் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர், பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, தமக்கு எப்படி மறக்கிறது என்று அளந்து நூல் எழுதினாராம். படித்த முதல் நாளிலேயே பெரும்பங்கு நழுவிவிடுகிறது; நாட்களை இடைவெளிவிட்டுத் திரும்பப் படித்தால் தங்குகிறது. 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு ஆய்வாளர்கள், ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்களையும், மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் வாசித்தவர்கள் முன்னே நின்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்களுக்கே அதிகம் நினைவிலிருந்தது. ஹஜரத்துக்கு இதெல்லாம் தெரியாது. ஆனாலும் அவருடைய பிரம்பு சரியான பக்கமே நின்றிருக்கிறது. (பிரம்பை நாம் ஆதரிக்கவில்லை. முறையைச் சொல்கிறோம்.)

இரண்டாம் ஆண்டு

புது ஏற்பாடு இப்படி அமைந்தது. சுபுஹுக்குப் பின் இரண்டு மணி நேரம் புதுப் பாடம். பசியாறிய பிறகு, முந்திய ஆண்டுக் கேள்விகளில் ஒன்றை எடுத்து, கடிகாரத்தை முன்னால் வைத்து, புத்தகத்தை மூடி முழு விடை எழுதுவது. முதல் மாதம் அந்த விடைகள் மோசமாக இருந்தனவாம். மோசமாக இருப்பதை வீட்டிலேயே பார்த்துக்கொள்வது நல்லது என்று அவளே சொன்னாள். பிற்பகலில் சிறிது உறக்கம். அஸருக்குப் பின் கடற்கரைத் திடல் வரை நடை, கைபேசி வீட்டில். இரவில் பழைய பாடம். பதினொரு மணிக்கு விளக்கு அணைந்துவிடும். வெள்ளிக்கிழமை பிற்பகல் படிப்பே கிடையாது.

இரவுப் பாடம் எப்படி நடந்தது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறோம், ஏனெனில் அதுதான் நமக்கு மிகவும் பிடித்த பகுதி. கடை அடைத்து, கல்லாவை எண்ணி முடித்ததும், மகள் கீழே இறங்கி வருவாள். அன்று படித்த ஒரு வழக்கை நமக்குக் கதையாகச் சொல்வாள். நமக்குப் புரியாவிட்டால் அவளுக்கும் சரியாகப் புரியவில்லை என்று பொருள். இது எங்களுக்குள் ஒப்பந்தம்.

ஒரு நாள் மொஹரி பீபி வழக்கு வந்தது. கல்கத்தாவில் வயது வராத இளைஞர் ஒருவர் தம் வீட்டைக் காட்டி 20,000 ரூபாய்க்கு வட்டிக்காரர் ஒருவருக்கு அடமானப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். பிறகு, நான் மைனர், பத்திரம் செல்லாது என்று வழக்கு. லண்டன் பிரிவி கவுன்சில் 1903-இல் தீர்ப்பளித்தது: வயது வராதவர் செய்த ஒப்பந்தம் அடியோடு செல்லாது; கொடுத்த பணத்தையும் திரும்பக் கேட்க முடியாது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தை ஒட்டியே நமது 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும் அமைந்திருப்பதால் இங்கும் அதுவே வழி. "அப்படியென்றால் 17 வயதுப் பையன் நம்ம கடையில் கடன் வைத்தால் போச்சா?" என்றோம், பதறி. "அரிசி, பருப்பு மாதிரி அவசியச் சாமான்னா 69-ஆம் பிரிவு இருக்கு அத்தா. அவன் சொத்திலிருந்து வாங்கிக்கலாம். சொத்து இருந்தாத்தான்" என்றாள். அன்று முதல் நமது கடையில் பதினெட்டு வயது ஆகாதவர்களுக்குப் பற்று எழுதுவதில்லை. பரீட்சைக்குப் படித்ததில் கடைக்கு வந்த முதல் இலாபம் அது.

மற்றொரு நாள், அவள் தவறிய அதே சாட்சியச் சட்டம். 34-ஆம் பிரிவு. ஒழுங்காக எழுதிவந்த வியாபாரக் கணக்குப் புத்தகத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்கும். ஆனால் அந்தப் பதிவு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவரைக் கடனாளி என்று தீர்த்துவிடாது. வேறு சான்றும் வேண்டும். "ஏன் அப்படி?" என்று கேட்டோம். அவள் நம் பேரேட்டை எடுத்து, ஒரு வாடிக்கையாளர் பெயருக்கு நேரே 1,000 வெள்ளி என்று பென்சிலால் எழுதினாள். "இப்போ இவர் உங்களுக்குக் கடனா?" நாம் வாயடைத்துப் போனோம். புத்தகம் நம்முடையது, எழுதுகோலும் நம்முடையது. பிறகு அவள் அதை ரப்பரால் அழித்தாள். முந்திய ஆண்டு அந்தப் பிரிவை எத்தனையோ முறை வாசித்தும் பதியவில்லையாம். அன்றிரவு பதிந்துவிட்டது. நமக்கும்தான். அதன் பிறகு கடன் சரக்குக்கு ரசீதில் கையொப்பம் வாங்காமல் விடுவதில்லை.

வீட்டாரின் பங்குக்கு வருவோம். நாம் மூன்று காரியங்களை நிறுத்தினோம். கடையில் பரீட்சைப் பேச்சு எடுப்பதில்லை. யாராவது கேட்டால், "படிக்கிறாள்" என்பதோடு சரி. கல்லாவுக்கு அவளைக் கூப்பிடுவதில்லை. பகுதி நேரத்துக்கு ஒரு பையனை வைத்தோம். அவனுக்குக் கொடுத்த சம்பளத்தை வீண் செலவென்று சொன்னவர்கள் உண்டு. மறுபடி ஒரு பரீட்சைக் கட்டணமும் ஓராண்டும் அதைவிட மலிவா என்று நாம் கேட்கவில்லை. மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டோம். மூன்றாவது, இரவுக் கோப்பி. கோப்பியிலும் தேயிலையிலும் உள்ள காஃபீன் பாதியளவு குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும். பதினொரு மணிக் கோப்பி விடியற்காலை வரை இரத்தத்தில் இருக்கும். படித்தது மூளையில் தங்குவதற்கு உறக்கம் வேண்டும் என்பது இன்று மருத்துவர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்வது. அம்மாவுக்கு இதை விளக்க மூன்று நாள் பிடித்தது. கடைசியில் கோப்பி சூடான பாலாயிற்று.

நன்னியை மட்டும் நிறுத்த முடியவில்லை. நிறுத்தவும் நாம் முயலவில்லை.

பயம் என்பது

கொஞ்சம் பயம் இருக்கத்தான் வேண்டும். பெருநாள் வியாபாரத்துக்கு முந்திய வாரம் நமக்கே வயிற்றைப் பிசைகிறதல்லவா? அந்தப் பிசைவுதான் விடியற்காலையில் எழுப்பிச் சரக்கு அடுக்க வைக்கிறது. யெர்க்ஸ், டாட்சன் என்ற இருவர் 1908-இலேயே எலிகளை வைத்துச் சோதித்து, தூண்டுதல் ஓரளவு ஏறும் வரை கற்பது மேம்படும், கடினமான வேலையில் அது அளவு மிஞ்சினால் கெடும் என்று எழுதினார்கள். எலிக்குச் சொன்னது மனிதனுக்கு அப்படியே பொருந்தும் என்று நாம் சாதிக்கவில்லை. ஆனால் நம் வீட்டில் இரண்டையும் பார்த்தோம்.

மகளுக்கு ஒரு பழக்கம் உதவிற்று. கடையில் பாதி எழுதிப் போட்ட பழைய சிட்டைப் புத்தகம் ஒன்றை அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். படுக்குமுன் ஐந்து நிமிடம், மனத்தில் உறுத்துவது எல்லாவற்றையும் அதில் எழுதுவாள். 'சிவில் நடைமுறையில் காலக்கெடு எல்லாம் குழம்புகிறது.' 'இந்த முறையும் போனால் என்ன செய்வேன்.' 'அத்தா கடையை அடைக்கும்போது முகம் வாடியிருந்தது.' எழுதிய பிறகு, எவற்றுக்கு நாளை ஏதாவது செய்ய முடியும் என்று பார்த்து ஒரு கோடு. மற்றவை அப்படியே கிடக்கும். (நம் முகம் வாடியது வேறு காரணத்துக்கு. அன்று வெங்காயம் அழுகியிருந்தது.)

பயம் அளவு மிஞ்சினால் என்ன செய்யும் என்பதற்குச் சிங்கப்பூரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 2020-இல் கோவிட் காரணமாக 'பி' பகுதிப் பரீட்சையை அவரவர் இடத்திலிருந்தே கணினியில் எழுதினார்கள். எழுதியவர்களில் 11 பேர் ஏமாற்றினார்கள் என்பது வெளிவந்தது. 2022-இல் அவர்களில் ஆறு பேர் வழக்கறிஞராக ஏற்கும்படி கோரிய மனு உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. ஐவர் வாட்ஸ்அப் மூலம் ஆறு தாள்களில் விடைகளைப் பகிர்ந்துகொண்டவர்கள். ஆறாமவர் மற்றொருவரோடு சேர்ந்து மூன்று தாள்களில் செய்துவிட்டு, விசாரித்தபோது முதலில் மறுத்தவர். ஐவருக்கு ஆறு மாதமும், ஆறாமவருக்கு ஓராண்டும் நீதிபதி தள்ளிவைத்தார். அவர்கள் மனத்தில் என்ன இருந்தது என்பதை நாம் அறியோம். அவர்களைத் தீர்ப்பிடவும் நமக்கு உரிமை இல்லை. ஆனால் இந்தச் செய்தியை மகள் சொன்னபோது, "இன்னும் வரலை அத்தா" என்ற அந்தப் பன்னிரண்டு நாள் நம் நினைவுக்கு வந்தது. பொய் சொல்லிப் பழக்கமில்லாத பிள்ளை. தோற்றுப்போவதற்கு வீட்டில் இடமில்லை என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அந்த இடத்தை அடைத்தவர்கள் நாம்.

அதனால் இரண்டாம் முறை பரீட்சைக்கு முதல் நாள் அவளிடம் நாம் சொன்னது இவ்வளவே: "முடிவு வந்த அன்றைக்கே சொல்லு. எதுவானாலும் அன்று இரவு மீன் வாங்கிப் பொரிப்போம்."

இன்னொன்று. சில வீடுகளில் சோர்வு பயத்தோடு நின்றுவிடுவதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் உறக்கமில்லை, உணவில்லை, காரணமின்றி அழுகை, எதிலும் நாட்டமில்லை, 'நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி' போன்ற பேச்சு: இவற்றில் எது தென்பட்டாலும் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அப்படிப் பேசுகிற பிள்ளையை அன்று தனியே விடாதீர்கள். இரண்டு வாரம் காத்திருக்கவும் வேண்டாம். ஈமான் குறைவு என்றும், கண்ணேறு என்றும் சொல்லி நாட்களைக் கடத்துகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். துஆவும் ஓதுங்கள், மருந்தும் கொடுங்கள். சர்க்கரை நோய்க்கு நாம் அப்படித்தானே செய்கிறோம்? வீட்டாரிடம் சொல்லக் கூசுகிற பிள்ளைகள், பெயர் சொல்லாமலே பேசுவதற்கு மலேசியாவில் பிஃப்ரெண்டர்ஸ் என்ற தொண்டு அமைப்பு இருக்கிறது. சிங்கப்பூரில் சமாரித்தன்ஸ் அமைப்பின் எண் 1767.

பரீட்சையில் தேறியவர்களுக்குப் பயம் தீர்ந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். காந்தியடிகள் 1891-இல் லண்டனில் பாரிஸ்டர் ஆனவர். பம்பாயில் முதல் வழக்குக்கு எழுந்து நின்றபோது நாவெழவில்லை, உட்கார்ந்துவிட்டார், வாங்கிய 30 ரூபாயையும் திருப்பிக் கொடுத்தார். அவரை 1893-இல் தென்னாப்பிரிக்காவுக்கு அழைத்துப் போய் வேலை கொடுத்தது யார்? வக்கீல்கள் அல்லர். தாதா அப்துல்லா என்ற முஸ்லிம் வணிகரின் நிறுவனம். அந்த வழக்கு முழுதும் கணக்கு வழக்கு. பாரிஸ்டருக்குப் புரோநோட்டு என்றால் என்னவென்றே தெரியவில்லை! கணக்கெழுதும் முறை பற்றி ஒரு புத்தகம் வாங்கிப் படித்துத்தான் வழக்கைப் புரிந்துகொண்டார். பிறகு இரு தரப்பாரையும் மத்தியஸ்தத்துக்கு இணங்க வைத்தார். தோற்ற வணிகர் சுமார் 37,000 பவுனைத் தவணையாகக் கட்டும்படி ஏற்பாடாயிற்று. இரு கடைகளும் பிழைத்தன. இதை மகளுக்குச் சொன்னபோது, "அப்போ நான் பேரேடு பார்த்ததும் வீண் போகலை" என்றாள்.

முடிவு என்னவாயிற்று என்று வாசகர்கள் கேட்பீர்கள். இரண்டாம் முறை நான்கு தாள்களில் தேறினாள். சிவில் நடைமுறை மறுபடியும் காலை வாரிற்று. முடிவு வந்த அன்று பகல் பன்னிரண்டு மணிக்கே, கடையில் ஆட்கள் நிற்கும்போதே, நேரே வந்து சொன்னாள். அன்றிரவு மீன் பொரித்தோம். அந்த ஒரு தாளைச் சில வாரம் கழித்துத் தனியே எழுதித் தேறினாள். இப்போது நகரில் ஓர் அலுவலகத்தில் சேம்பரிங் செய்கிறாள். காலையில் கறுப்பு உடையோடு கடை வழியாக இறங்கிப் போகும்போது, யாராவது "வக்கீல் அம்மா" என்றால், "இன்னும் ஆகலை" என்று நாமே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறோம்.

துணிக்கடை நண்பருக்கு நாம் சொன்னதும் இவ்வளவுதான். அவர் வீட்டில் சின்னப் பிள்ளைகள் ஐந்து பேர். பையன் படிக்க அமைதியான மூலை இல்லை என்றார். நமது கடையின் பின்புறம், அரிசி அடுக்கும் அறைக்கு அப்பால், மகள் படித்த சிறிய அறை இப்போது காலியாக இருக்கிறது. மேசை, நாற்காலி, மின்விசிறி, விளக்கு உண்டு. இணைய வசதியும் உண்டு. சரக்கு இறங்கும் நேரம் காலை ஒன்பதிலிருந்து பத்து வரை மட்டும் சத்தம் இருக்கும். சென்ற திங்கட்கிழமை முதல் அந்தப் பையன் வருகிறான். மேசை பெரிது, இன்னும் இருவர் உட்காரலாம். இந்த ஆண்டு எழுதும் பிள்ளைகள், ஆணானாலும் பெண்ணானாலும், அங்கத்தினர் வீடுகளில் யாரேனும் இருந்தால் சங்கச் செயலாளரிடம் சொல்லியனுப்புங்கள். பெண் பிள்ளைகளுக்கு மாடியில் மகளின் அறையைக் கொடுக்க அவளுடைய அம்மா சம்மதித்திருக்கிறாள். சாவி கல்லாவில் இருக்கும். பசியாறுவதற்கு எங்கள் வீட்டிலேயே ஏற்பாடு. பரீட்சை எப்படிப் போகிறது என்று யாரும் கேட்கமாட்டோம்.